சீம்பாலில் தொட்ட சேனை

வேலுத்தாய் மதினி மடியை அவிழ்த்து ஒரு சின்னப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

இருமல் மருந்து வரும் பழைய பாட்டில். அதை நன்றாகக் கழுவி, உள்ளே கருப்பட்டியைக் கரைத்து ஊற்றி, மூடிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியும் கட்டியிருந்தார். பிரசவ வார்டு முழுக்க டெட்டால் நெடி. அதையும் மீறி அந்தக் கருப்பட்டி வாசனை நேராக என் மூக்குக்கு வந்தது. 

கட்டிலில் முத்துமாரி படுத்திருந்தாள். பக்கத்தில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய பெண் குழந்தை. பிறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தலைமுடி இன்னும் ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளுத்தா. சிஸ்டரு வாரதுக்குள்ள சேனையைத் தொட்டு வச்சிருவோம். அது வந்தா நொய்நொய்னு பேசும்" என்றார் மதினி.

முத்துமாரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கென்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுக்கூட அந்தக் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. ஏன் போகக் கூடாது என்று மதினியிடம் சொல்லவும் கூடாது. மதினியோ துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அங்கே எப்படி?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பல வருஷமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன். விருதுநகரில் எங்களைப் போன்ற பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் எனக்கு வேலை. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது என்று வந்துவிட்டால், அவளுக்கு ஒரு துணையாக நான் போவேன்.

படிப்பு பத்தாவதோடு சரி. வாயும் கிடையாது. பஸ்ஸில் நடத்துனர் மீதிச் சில்லறை தர மறந்துவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே இறங்கிப் போகிற ஆள் நான். இந்த வேலைக்கு என்னை எப்படி எடுத்தார்கள் என்று எனக்கே புரியாது.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆலோசகர் மேடம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லுவார். அந்தப் பெண் தலையைத் தலையை ஆட்டுவாள். வெளியே வராந்தாவுக்கு வந்து, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மனதில் கிடந்த கேள்வி வெளியே வரும். பேசாத ஆளிடம்தான் சிலருக்குப் பேச வரும் போலிருக்கிறது.

முத்துமாரி அப்படித்தான் எனக்குக் கிடைத்தாள். முத்துமாரி, வேலுத்தாய் இரண்டுமே நான் வைத்த பெயர்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் என்பதற்கு மேல் ஊரைப் பற்றியும் சொல்லப் போவதில்லை. யாரென்று தேட வேண்டாம். பட்டாசு ஊர்களில் தெருவுக்கு ஒரு வேலுத்தாய் உண்டு.

கலவை ரூம்

முத்துமாரியின் கணவன் லோடு வேன் ஓட்டுகிறவன். தீபாவளி சீசன் வந்துவிட்டால் வீட்டில் தங்க மாட்டான். அவனுக்கும் இருக்கிறது, அவனும் மாத்திரை எடுக்கிறான். அவர்கள் இருவரையும் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் 'யாரும்' என்றால் ஒரே ஆள்தான், அவனுடைய அக்கா வேலுத்தாய். தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போய் வளர்த்தவர். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுச் சாவியும் அவர் இடுப்பில்தான், முடிவும் அவர் வாயில்தான்.

பிள்ளைக்கு எந்தப் பால் கொடுப்பது என்று ஆலோசகர் மேடம் பேசிய அன்று நானும் அறைக்குள் இருந்தேன்.

"ரெண்டு வழி இருக்கு முத்துமாரி" என்றார் மேடம். "ஒண்ணு, ஆறு மாசத்துக்கு உன் பால் மட்டும். அதுக்கு நீ மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. பிள்ளைக்கும் பிறந்த உடனே சொட்டு மருந்து தருவோம். இன்னொண்ணு, உன் பால் இல்லாம வெளிப்பால் மட்டும். அதுக்கு நல்ல தண்ணி, அடுப்பு, காசு எல்லாம் ஒவ்வொரு வேளையும் இருக்கணும். எதை எடுத்தாலும் நான் உன் கூட நிப்பேன். ரெண்டையும் கலக்குறது மட்டும் வேண்டவே வேண்டாம்."

"என் பால் கொடுத்தா பிள்ளைக்கு வரவே வராதா மேடம்?"

"நீ மாத்திரையை ஒழுங்கா எடுத்தா ரொம்ப ரொம்பக் கம்மி. சுத்தமா இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவள் ஊரில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் வண்டியில் வந்தால் உண்டு. பால் கொடுக்காமல் இருந்தால், ஏன் என்று தெருவே கேட்கும். "நானே கொடுக்கேன் மேடம்" என்றாள்.

வராந்தாவில்தான் அவளுடைய உண்மையான கேள்வி வந்தது.

"அக்கா, என் பாலு கொடுக்கலாம்ங்கிறாக. மாட்டுப்பால் மட்டும் கொடுத்தாலும் சரிங்கிறாக. கலந்தா மட்டும் ஏன் அம்புட்டுப் பயம்? தண்ணியில என்ன கிருமியா இருக்கு?"

அவளும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். "நீ கம்பெனியில எந்த ரூம்ல இருந்த?" என்று கேட்டேன்.

"சரம் பின்னுற ரூமு."

"கலவை ரூம் பக்கம் போயிருக்கியா?"

"அய்யய்யோ! அங்கன யாரு விடுவா? தனித்தனியா மூடையில கெடக்குற வரைக்கும் ஒவ்வொரு மருந்தும் சும்மாதான் கெடக்கும். அதைக் கலக்குற நேரத்துலதான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கண் விரிந்தது. "ஏக்கா! இதுவும் கலவை ரூமா?"

பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன்!

"ஆமா முத்து. சின்னப் பிள்ளை குடல் மெல்லிசு. தாயோட பால் மட்டும் போனா அது பாட்டுக்கு இருக்கும். கூடவே வேற பாலோ தண்ணியோ போனா உள்ள உரசிப் புண்ணாகும். அந்தப் புண்ணு வழியாத்தான் கிருமி ஏறிரும்."

"அப்போ கலவை ரூமைப் பூட்டிர வேண்டியதுதான்" என்றாள் முத்துமாரி. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே ஓடி மேடத்திடம் சொன்னேன். அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. கம்பெனிப் பக்கத்திலிருந்து எந்தப் பெண் வந்தாலும் இப்போது நாங்கள் கலவை ரூமைப் பற்றித்தான் பேசுகிறோம்.

சேனை சாப்பாடா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை அவள் வரும்போதும் ஒப்பிக்கச் சொல்லுவேன். அவளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை மடக்கி ஒப்பிப்பாள்.

"எம் பாலு மட்டும். தண்ணி இல்ல. தேன் இல்ல. கழுதைப்பால் இல்ல. உரைமருந்து இல்ல."

கழுதைப்பால் என்றதும் வெளியூர் வாசகர்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கழுதையை ஓட்டிக்கொண்டு ஆள் வருவார். தெருவிலேயே கறந்து, சங்கில் ஊற்றிக் கொடுப்பார். பச்சைப்பிள்ளைக்கு அதை ஊற்றினால் சளி பிடிக்காது, குரல் நன்றாக வரும் என்று சொல்லி வாங்குவார்கள். உரைமருந்து என்பது வசம்பு, ஜாதிக்காய் எல்லாம் கல்லில் உரைத்து ஊட்டுகிற நாட்டு மருந்து.

பிரசவத்துக்கு நாள் நெருங்கியபோதும் அப்படித்தான் ஒப்பித்தாள். கடைசியில், "சேனை வச்சதுல இருந்து ஆறு மாசத்துக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

"என்னது? சேனையா?"

"ஆமாக்கா. மதினி சேனை வைக்கணும்னு சொல்லிட்டாக."

"முத்து, அதுவும் கூடாது."

அவள் முகம் மாறிவிட்டது. "சேனை என்னக்கா, சாப்பாடா? நாக்குல சும்மா தொடுறதுதானே?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. கருப்பட்டித் தண்ணீரோ, சீனித் தண்ணீரோ, தேனோ, வீட்டுக்கு வீடு மாறும். யார் விரலால் தொடுகிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் ஆளைத் தேடிப் பிடிப்பார்கள். கெட்டிக்காரர், கைராசிக்காரர், நாலு பேர் மதிக்கிறவர் என்று பார்த்துக் கூப்பிடுவார்கள். வளர்ந்த பிறகு பிள்ளை அடம் பிடித்தால், "எவன் இதுக்குச் சேனை தொட்டது?" என்றுதான் முதல் கேள்வி வரும். அதை யாரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வாழ்த்து மாதிரி. ஒரு வாழ்த்தைப் போய் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

"மதினிகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் முத்துமாரி. "ஏன்னு கேப்பாக. நூலைப் பிடிச்ச மாதிரி கேட்டுக்கிட்டே வருவாக. கடைசியில எல்லாம் வெளிய வந்துரும்."

"நான் வாரேன். பிரசவத்தன்னைக்கு உன் கூட இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பால் டின்

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிக் கொஞ்சம்.

அவள் பிறந்த காலத்தில் இப்போது இருக்கிற மாத்திரை வசதி கிடையாது. முடிந்தால் வெளிப்பால் கொடு என்றார்கள். நான் டின் பாலை எடுத்தேன். அளவுக் கரண்டி டின்னின் பக்கத்தில் உரசுகிற சத்தமும், வெந்நீர் பட்டதும் அந்த மாவு விடுகிற வாசனையும் இன்னும் என்னோடு இருக்கின்றன. மார்பில் பால் கட்டி நெருப்பாகக் கொதிக்கும். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் பாட்டிலைக் கொடுப்பேன். "என்னத்தா, பால் வத்திருச்சா?" என்று தெருவில் கேட்பார்கள். "ஆமா, வத்திருச்சு" என்பேன். ரவிக்கை நனைந்திருப்பதை முந்தானையால் மறைத்துக்கொள்வேன்.

மகளுக்கு எதுவும் வரவில்லை. இன்று கல்லூரிக்குப் போகிறாள், என்னைவிட நாலு மடங்கு பேசுகிறாள். அந்தப் பால் டின்களுக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

ஆனால் இப்போது ஒரு தாயைப் பார்த்து, "மாத்திரையை விடாத. உன் பாலையே கொடு" என்று சொல்ல முடிகிறதே! அந்தக் 'கொடு' என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு சரவெடி பற்றிக்கொள்ளும். எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். இன்னும் பழகவில்லை.

கணவர் இறந்த பிறகு உறவுக்காரர் வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். நான் குடித்ததும் அதை வெளியே குழாயடியில் கவிழ்த்து வைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை நான் தூக்க வருவதைப் பார்த்தால், அவர்களுக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். தொட்டால் ஒன்றும் வராது என்று இன்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லுகிறேன். ஆனாலும் அடுத்தவர் பிள்ளையை நோக்கி என் கை தானாக நீளுவதில்லை. அந்த டம்ளர் அவ்வளவு தூரம் உள்ளே போய்விட்டது.

இதையும் மனதில் வைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்புங்கள். மதினி முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

பாட்டிலுக்கும் நாக்குக்கும் நடுவில்

"மதினி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் "மதினி!" என்றேன். இந்தத் தடவை பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தா? நீ யாரு? முத்துமாரிக்குத் தெரிஞ்சவளா?"

"ஆமா மதினி. ஆஸ்பத்திரிக்கு வார புள்ளத்தாச்சிகளுக்குத் துணையா வருவேன். மதினி, இங்கன பிறக்கிற எந்தப் பிள்ளைக்கும் ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"நான் என்ன பிரியாணியா போடப்போறேன்? ஒரு சொட்டு! நாக்குல பட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிரும்."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். "எங்களையும் விடலக்கா. எங்க மாமா தேன் பாட்டிலோட வந்துட்டு, அப்படியே கொண்டு போயிட்டாரு."

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மாமா போவாரு. நான் போவேனா? ஏத்தா, உனக்கு என் தம்பியைத் தெரியுமா? கம்பெனிக்காரன் எம்புட்டுக் கொடுத்தாலும் தலையை ஆட்டிட்டு வாங்கிட்டு வருவான். இவ அவனுக்கு மேல. மிதிச்சாக்கூட 'ஆ'ன்னு சொல்ல மாட்டா. இந்த வீட்டுல எனக்கப்புறம் வாயைத் திறந்து பேச ஒரு ஆளு வேண்டாமா? அதுக்குத்தான் நானே சேனை தொடப்போறேன். கம்பெனியில பாதி வேலையில போட்டுட்டு, வழியில கருப்பட்டி வாங்கிக் கரைச்சுக்கிட்டு ஓடி வாரேன். சேனை தொடாத பிள்ளைன்னு இதை ஊருக்குள்ள கொண்டு போகவா சொல்லுத?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. நான் அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பாட்டிலில் என்ன இருந்தாலும் இவருக்குப் பரவாயில்லை. தன்னுடைய குணம் அந்தப் பிள்ளைக்குள் போக வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் சொல்லியும் விட்டேன்.

"சேனை வேண்டாம்னு யாரு மதினி சொன்னா? தொடுங்க! நல்லாத் தொடுங்க! முத்துவோட பால்லயே தொடுங்க."

"சீம்பால்லயா?" மதினி முகத்தைச் சுளித்தார். "அதைப் பீச்சிக் கீழல்ல ஊத்துவாக!"

சரியாக அந்த நேரம் சிஸ்டர் உள்ளே வந்தார். "யாரு அது சீம்பாலைக் கீழ ஊத்துறது? பிள்ளைக்கு முதல் தடுப்பூசியே அதுதான். ஒரு சொட்டு கீழ விழக் கூடாது" என்றார். பாட்டிலையும் பார்த்துவிட்டார். நான் யோசனையைச் சொன்னேன். சிஸ்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், முத்துமாரியைப் பார்த்தார். "சரி. அவ பாலுதான்னா தாராளமா தொடுங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

மதினி போனார். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். மறுபடியும் போனார். மறுபடியும் தண்ணீர்ச் சத்தம்.

திரும்பி வந்தபோது நடையில் அந்த வேகம் இல்லை. விரல்களை எங்களுக்கு நேராக நீட்டினார். நகக்கண்ணிலும் ரேகைக்குள்ளும் வெள்ளி மினுமினுத்தது. கம்பி மத்தாப்பில் சேர்க்கிற மருந்துப் பொடி. வருஷக்கணக்காக அதில் புழங்குகிற கை. சோப்புக்கெல்லாம் அது போகாது.

"இந்தக் கையோடதான் நான் சோறு திங்கேன்" என்றார் மதினி. "எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா இது பச்சப்புள்ள நாக்கு. ஆகாது."

யாரும் அவரை வேண்டாமென்று சொல்லவில்லை. அவராகவே கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். எவ்வளவு ஆசையோடு ஓடி வந்தவர்!

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ தொடுத்தா."

"நானா?"

"வேற யாரு? நீதான் வழி சொன்ன. உன் கை சுத்தமாத்தான் இருக்கு."

உன் கை சுத்தமாத்தான் இருக்கு. அந்த மனுஷி என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார். குழாயடியில் கவிழ்ந்து கிடந்த டம்ளர் என் கண் முன்னால் வந்து நின்றது. நான் அசையவில்லை. முத்துமாரிக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். பிள்ளை அவளுடையது. அவள் சொல்லட்டும் என்று அவளைப் பார்த்தேன்.

"தொடுங்கக்கா" என்றாள். "நீங்கதான் தொடணும்."

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றார் சிஸ்டர், எல்லோருக்கும் சொல்லுகிற அதே குரலில்.

கழுவிக்கொண்டு வந்தேன். முத்துமாரி சங்கில் இரண்டு சொட்டுப் பீச்சினாள். மஞ்சள் நிறத்தில், நெய் மாதிரி கெட்டியாக இருந்தது. என் விரல் நுனியால் தொட்டு, அந்தச் சின்ன வாயில் வைத்தேன். நாக்கு அவ்வளவு சூடு! பிள்ளை விரலை அப்படியே பிடித்துக்கொண்டு சப்பியது. எடுக்க விடவில்லை. பல்லில்லாத அந்த ஈறின் பிடி இருக்கிறதே, அப்படி ஒரு பலம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிஸ்டர்தான் பிள்ளையைத் தூக்கி முத்துமாரியின் மார்பில் போட்டார். பிள்ளை முகத்தை இங்குமங்கும் முட்டித் தேடிக் கவ்வியது.

அவ்வளவுதான். வேலுத்தாய் மதினி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுவிட்டார்! வார்டு அதிர்ந்தது. எதிர்க் கட்டில் பிள்ளை அலறியது. "இது ஆஸ்பத்திரியா, கோயில் கொடையா?" என்று சிஸ்டர் கத்தினார். கத்திக்கொண்டே சிரித்தார்.

"கூப்பிடவே குரல் வராதவ சேனை தொட்டிருக்கா. இனிமே சாகுற வரைக்கும் எங்க வீட்டுல என் ஒருத்தி சத்தம்தான்" என்றார் மதினி. கருப்பட்டித் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பாட்டிலை அண்ணாந்து ஒரே மடக்காகக் குடித்தார்.

காவல்காரி

அடுத்த ஆறு மாதமும் எனக்குத் திக்திக்கென்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் சட்டம் போடலாம், வீட்டில் யார் பார்ப்பது?

மதினிதான் பார்த்தார்! அவருக்கு ஒரு சட்டம் கையில் கிடைத்துவிட்டது. அதை வைத்துத் தெருவையே அதட்டினார். கழுதைப்பால்காரரைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினாராம். உரைமருந்தோடு வந்த சொந்தக்காரியிடம், "எங்க பிள்ளைக்குச் சீம்பால்ல சேனை தொட்டது. அதுக்கு வேற எதுவும் ஏறாது. எடுத்துட்டுப் போ" என்றாராம். வெயில் காலத்தில் ஒருத்தி, "நாக்கு வறளாதா, ஒரு சங்கு தண்ணியாவது கொடுங்க" என்று கேட்டதற்கு, "உனக்கு வேணும்னா குடி. செம்பு அங்கன இருக்கு" என்று காட்டினாராம். இதையெல்லாம் முத்துமாரி போனில் சொல்லச் சொல்ல, நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரிப்பேன்.

பிள்ளைக்கு முதல் பரிசோதனை ஒன்றரை மாதத்தில். குதிகாலில் குத்தி, தடித்த காகிதத்தில் ரத்தத்தைப் பொட்டுப் பொட்டாக வைப்பார்கள். அதில் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு எடுத்ததிலும் இல்லை. ஆனாலும் பால் மறந்து, ஒன்றரை வயதில் எடுக்கிற பரிசோதனைதான் முடிவானது. அதுவரைக்கும் நாங்கள் மூச்சை முழுசாக விடுவதில்லை.

அந்த நாள் போன மாதம் வந்தது.

மேடம் கதவைச் சாத்தினார். முத்துமாரியின் மடியில் பிள்ளை வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல முத்துமாரி. பிள்ளைக்கு இல்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்."

"இல்லவே இல்ல!"

முத்துமாரி அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து, "அக்கா, எனக்குப் பசிக்குது" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். எண்ணெய்ப் பரோட்டா தட்டில் நொறுங்க நொறுங்கச் சாப்பிட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறாள். பிள்ளைக்குச் சால்னா படாத மெதுவான துண்டைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். இனி எதைச் சாப்பிட்டாலும் எங்களுக்குத் திக்கென்று இருக்காது. எது வேண்டுமானாலும் கலக்கலாம்!

பஸ் ஸ்டாண்டில் மதினி நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு மிளகாய் வத்தல் எடுக்க வந்தவர், மூட்டையைக் காலடியில் வைத்துத் தும்மிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குச் சளி பார்க்கப் போயிருக்கிறோம் என்றுதான் அவருக்குத் தெரியும். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தா வா, உன்னையத்தான் தேடுதேன். எல்லாம் நீ தொட்ட சேனை! வேத்தாளைக் கண்டா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா. முந்தானைக்குள்ள போயி மொகத்தைப் பொதைச்சுக்கிடுதா. பாரு, இப்பவும் பாரு!"

உண்மைதான். என்னைப் பார்த்ததும் பிள்ளை முத்துமாரியின் முந்தானைக்குள் புகுந்துவிட்டது. காலையிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறேன், இன்னும் கூச்சம். அம்மாவிடமிருந்து எது வந்துவிடுமோ என்று இத்தனை நாள் பயந்தோமோ, அது வரவில்லை. என்னிடமிருந்து இது போய்விட்டது! அதை ஒரு பெரிய குறையாக மதினி சொல்லிக்கொண்டே போக, முத்துமாரி என்னைப் பார்க்க, எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிங்கடி, நல்லாச் சிரிங்க" என்றபடி மதினி மூட்டையோடு பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் இடம் பிடித்தார். முத்துமாரியும் பிள்ளையோடு ஏறிப் பின் ஜன்னலில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தபோது தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "ஏத்தா! இது என்னைக்காவது பேசுமா, பேசாதா? நீயே சொல்லிட்டுப் போ!"

"பேசுவா மதினி!" என்று கத்தினேன். "நல்லாப் பேசுவா! ஊரே கேக்கப் பேசுவா!"

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூக்காரி, பேப்பர் விற்கிறவர், நடத்துனர் எல்லோரும். நான் அப்படியே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பஸ் திரும்புகிற இடத்தில் முத்துமாரியின் முந்தானை கொஞ்சம் விலகியது. அதற்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது.